ஸ்டெம் செல் ஊசி போட்டுட்டு வந்தவங்க சொல்ற "நல்லாருக்கு"

தென்காசி, செங்கோட்டை பக்கம் நரம்புல ஏதாவது பெருசா வந்துட்டா பாதி பேரு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு போவாங்க, மீதி பேரு புளியரை ஏறி ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழா, நெடுமங்காடுன்னு திருவனந்தபுரம் போயிருவாங்க. 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்ல இருந்த ஊருதான், அதனால அந்த வழி எங்க ஆளுங்களுக்கு அத்துப்படி. அங்க மெடிக்கல் காலேஜ், இல்லன்னா ஸ்ரீ சித்திரா. தென்னை மரத்துல இருந்து விழுந்து முதுகெலும்பு உடைஞ்சவங்க, தசையை இயக்குற நரம்பு செத்துட்டே வர்ற மோட்டார் நியூரான் நோய் வந்தவங்க, கை நடுக்கம் பார்க்கின்சன்னு சொன்னவங்க, பிறந்ததுல இருந்தே கழுத்து நிக்காத மூளைவாதக் குழந்தைங்க எல்லாம் ஒரு ஃபைலோட போயி வரிசையில உக்காந்திருப்பாங்க. டாக்டர் எம்ஆர்ஐ பாத்துட்டு, "ஆபரேஷன் பண்ண வேண்டியதை பண்ணியாச்சு, இனிமே பிசியோதான், வீட்டுக்கு கூட்டிட்டு போங்க"ன்னு சொல்லிருவாரு. அவரு சொன்னது சரிதான், ஆனா அதை கேட்டுட்டு வெளிய வர்ற குடும்பத்துக்கு அது கதவை சாத்துன மாதிரிதான் இருக்கும். அன்னைக்கு ராத்திரியே எந்த சொந்தக்காரராவது ஒரு வாட்ஸ்அப் வீடியோ அனுப்பி வச்சிருவாரு, வீல்சேர்ல இருந்த பையன் கம்பியை பிடிச்சுட்டு நாலு எட்டு வைக்கிறான், கீழ ஸ்டெம் செல் கிளினிக்கோட போன் நம்பர் ஓடுது.

இந்த வீடியோவுல பேசுறவங்க எல்லாரும் காசு வாங்கிட்டு நடிக்கிறாங்கன்னு சொல்லி விஷயத்தை முடிச்சிரலாம், நிறைய பேரு அப்படித்தான் முடிக்கிறாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்ல. போட்டுட்டு வந்த பல பேரு உண்மையாவே "முன்னைக்கு இப்ப தேவலை"ன்னுதான் சொல்லுதாங்க, பொய் சொல்ல அவங்களுக்கு ஒரு காரணமும் இல்ல. தேவலைங்கிறது நிஜம்னே வச்சுக்குவோம், அதை கொண்டு வந்தது அந்த செல்லுதானான்னுதான் பாக்கணும்.

முதல்ல அந்த ஊசியில என்ன இருக்கு. ஸ்டெம் செல்லுன்னா வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்லு. நம்ம நாட்டுல பெரும்பாலும் நடக்கிறது இதுதான்: பேஷண்டோட இடுப்பெலும்புல பெரிய ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பாங்க, லேப்ல சுத்தி செல்லை பிரிப்பாங்க, அதை முதுகுத்தண்டு வழியா தண்டுவட நீர்ல செலுத்துவாங்க, இல்லன்னா கையில ரத்தக்குழாய் வழியா டிரிப் மாதிரி ஏத்துவாங்க. சில இடத்துல வயித்துக் கொழுப்புல இருந்து எடுப்பாங்க, சில இடத்துல வேற குழந்தையோட தொப்புள்கொடியில இருந்து வளத்த செல்லு. கேக்கும்போது "அந்த செல்லு போயி செத்த நரம்பா மாறிரும்"னு சொல்லுவாங்க. மஜ்ஜையில, கொழுப்புல இருந்து எடுக்கிற செல்லு அப்படியெல்லாம் போயி தண்டுவடத்துல புது நரம்பா உக்காந்துக்கிறதில்ல. ரத்தக்குழாய்ல ஏத்துனா பெரும்பகுதி நுரையீரல்லயே மாட்டிக்கும், கொஞ்ச நாள்ல செத்தும் போயிரும். அது சுரக்கிற சில பொருள் வீக்கத்தை குறைக்கலாம், இருக்கிற நரம்புக்கு கொஞ்சம் ஆதரவா இருக்கலாம்ங்கிறதுதான் ஆராய்ச்சி பண்றவங்களோட எதிர்பார்ப்பு. அது சோதிச்சு பாக்க வேண்டிய எதிர்பார்ப்புதான், பில் போட்டு விக்கிற மருந்தா இன்னும் ஆகல.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆரும் உயிரி தொழில்நுட்பத் துறையும் சேந்து 2017ல போட்ட வழிகாட்டு நெறியில, ரத்த நோய்களுக்கு பண்ற மஜ்ஜை மாற்று சிகிச்சை மாதிரி விஷயங்களைத்தான் நிலைநாட்டப்பட்ட சிகிச்சைன்னு ஏத்துக்கிட்டாங்க, மத்ததெல்லாம் அனுமதி வாங்குன ஆராய்ச்சிக்குள்ளதான் நடக்கணும், வெளிய பண்ணா அது முறைகேடுன்னு எழுதியே வச்சிருக்காங்க. 2022 டிசம்பர்ல தேசிய மருத்துவ ஆணையத்தோட எத்திக்ஸ் போர்டு ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் போடுறதை தொழில்முறை ஒழுங்கீனம்னே சொல்லிருச்சு. உங்க மெடிக்ளெய்ம் பாலிசியை எடுத்து நவீன சிகிச்சைங்கிற பகுதியை படிங்க, ஸ்டெம் செல்லுன்னு ஒரு வரி இருக்கும், கூடவே ரத்த நோய்க்கு பண்ற மஜ்ஜை மாற்றுக்கு மட்டும்னு இருக்கும். அதை பாதி படிச்சுட்டு "இன்சூரன்ஸே தர்றாங்கல்ல"ன்னு சண்டைக்கு வர்றவங்களும் உண்டு. அப்பறம் எப்படி கிளினிக் நடக்குதுன்னா, உங்க உடம்புல எடுத்து உங்களுக்கே போடுறோம், பெருசா ஒண்ணும் மாத்தல, அதனால இது மருந்தே இல்லன்னு ஒரு வாதம் வச்சிருக்காங்க, அந்த சந்துல வண்டி ஓடுது.

சரி, தேவலைங்கிறது எங்க இருந்து வருது? இங்கதான் கொஞ்சம் நின்னு பாக்கணும்.

எங்க பக்கம் பாக்கு மரத்துல இருந்து விழுந்த ஒரு அண்ணாச்சி, அடிபட்டு அஞ்சாறு மாசத்துல ஸ்டெம் செல் போட்டுட்டு வந்தாரு. பாக்க போனப்ப மதினி போர்வையை விலக்கி, "பாருங்க தம்பி, கால் அசையுது"ன்னு காட்டுனாங்க. உள்ளங்கால்ல கை பட்டதும் முட்டி வெடுக்குனு மடங்கி கால் தானா துடிச்சுது. "நீங்களே அசைங்க அண்ணாச்சி"ன்னு கேட்டா அவரால முடியல. அது தசை இறுக்கத்துல வர்ற துடிப்பு, மூளையில இருந்து உத்தரவு வராம தண்டுவடம் தனியா பண்ற வேலை. அடிபட்ட புதுசுல தண்டுவடம் அதிர்ச்சியில அடங்கி கிடக்கும், கால் துணி மாதிரி தொங்கும், சில வாரம் மாசம் கழிச்சுத்தான் இந்த துடிப்பு ஆரம்பிக்கும். ஊசி போடாத ஆளுக்கும் அந்த நேரத்துக்கு அது வரத்தான் செய்யும். ஆனா ஊசிக்கு அப்பறம் வந்தா ஊசியாலதான் வந்துச்சுன்னு தோணும்ல, தோணாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

அதேமாதிரி தண்டுவட அடியில உண்மையான முன்னேற்றமும் பெரும்பாலும் முதல் ஆறு மாசம் ஒரு வருஷத்துலதான் வரும், அதுவும் அடிக்கு கீழ கொஞ்சமாவது உணர்ச்சி மிச்சம் இருக்கிறவங்களுக்கு. குடும்பம் காசை புரட்டி கிளினிக்குக்கு போறதும் கிட்டத்தட்ட அந்த காலத்துலதான். மூளைவாதக் குழந்தைங்க விஷயமும் இப்படித்தான், அந்த பாதிப்பு கூடிட்டே போற வகை கிடையாது, குழந்தை தன் வேகத்துல வளந்துட்டேதான் இருக்கும், மூணு வயசுல ஊசி போட்டு நாலு வயசுல உக்காந்தா அந்த ஒரு வருஷத்து வளர்ச்சியையும் சேத்து ஊசி கணக்குல எழுதிருவோம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்), அதாவது நோய் எதிர்ப்பு மண்டலமே நரம்போட உறையை தாக்குற நோய், அதுல நிறைய பேருக்கு தொல்லை கூடும், தானா தணியும், மறுபடி வரும், உச்சத்துல இருக்கும்போது எதை பண்ணாலும் அடுத்து தணியத்தான் போகுது.

இதுக்கெல்லாம் மேல பிசியோ. கிளினிக் பேக்கேஜ்ல ஊசி ஒரு நாள் வேலை, மீதி நாளெல்லாம் காலையில சாயங்காலம்னு பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, சாப்பாட்டு அட்டவணை. வீட்டுல மாசக்கணக்கா கட்டில்லயே கிடந்தவரை நாலு பேரு சேந்து பெல்ட் கட்டி நிக்க வைக்கிறாங்க, உக்கார வைக்கிறாங்க, இறுகிப்போன மூட்டை நீட்டி விடுறாங்க. தேவலை ஆகாம என்ன செய்யும்? அந்த பிசியோவை மட்டும் அதே தீவிரத்துல குடுத்துருந்தா எவ்வளவு வந்துருக்கும்ங்கிற கணக்கை எந்த கிளினிக்கும் காட்டாது, காட்டுனா ஊசிக்கு எதுக்கு அவ்வளவு லட்சம்னு நீங்க கேப்பீங்க.

மனசு பண்ற வேலையை சும்மா "எல்லாம் நம்பிக்கைதான்"னு வாய் வார்த்தையா சொல்லிட்டு போயிர வேண்டாம், அதை அளந்தே பாத்திருக்காங்க. அமெரிக்காவுல கொலராடோவுல 40 பார்க்கின்சன் நோயாளிகளை ரெண்டா பிரிச்சு ஒரு சோதனை நடத்துனாங்க, 2001ல வெளிவந்துச்சு. பாதி பேருக்கு கருவில இருந்து எடுத்த, அசைவுக்கு வேண்டிய டோபமின்ங்கிற ரசாயனத்தை சுரக்கிற செல்லை மூளைக்குள்ள வச்சாங்க, மீதி பேருக்கு மண்டையோட்டுல ஓட்டை மட்டும் போட்டுட்டு ஒண்ணும் வைக்காம மூடிட்டாங்க, யாருக்கு எதுன்னு பேஷண்டுக்கும் தெரியாது, மதிப்பெண் போட்டவங்களுக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு வாழ்க்கைத் தரம் எப்படி இருக்குன்னு தனியா கேட்ட ஆய்வு 2004ல வந்துச்சு, அதுல உண்மையா செல்லு வாங்குனாங்களா இல்லையாங்கிறதை விட, "எனக்கு செல்லு வச்சிருக்காங்க"ன்னு நம்புனாங்களாங்கிறதுதான் பெரிய வித்தியாசத்தை காட்டுச்சு. வெறும் ஓட்டை போட்டுக்கிட்டவங்கள்ல நம்புனவங்க நல்லாருந்தாங்க. பேஷண்டுங்க மட்டும் இல்ல, மதிப்பெண் போட்ட மருத்துவ ஆளுங்களோட கணிப்புமே அந்த பக்கம் சாஞ்சுது. இன்னொண்ணு, நிஜமா செல்லு வாங்குன சில பேருக்கு பின்னாடி மாத்திரையை நிறுத்துன பிறகும் அடங்காத கை கால் முறுக்கல் வந்துச்சு.

மோட்டார் நியூரான் நோய்க்கு நியூர்ஓன் (NurOwn)னு ஒரு ஸ்டெம் செல் சிகிச்சை வந்துச்சு, நோயாளிகள் அமைப்புகளே அனுமதி குடுங்கன்னு போராடுன அளவுக்கு எதிர்பார்ப்பு. மூணாங்கட்ட சோதனையோட முடிவு 2020ல வந்தப்ப, செல்லு வாங்குனவங்கள்ல சுமார் 33 சதவீதம் பேரு முன்னேற்றம்னு வச்ச அளவுகோலை தொட்டிருந்தாங்க. கேக்க நல்லாருக்குல்ல? போலி ஊசி வாங்குனவங்கள்லயும் சுமார் 28 சதவீதம் பேரு தொட்டிருந்தாங்க. அந்த வித்தியாசம் நிரூபணத்துக்கு பத்தல, 2023 செப்டம்பர்ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட ஆலோசனைக் குழுவுல 17 பேரு எதிர்த்து ஓட்டு போட்டாங்க, ஆதரவா ஒரே ஒருத்தர். போலி ஊசி குரூப்ல இருந்த அந்த 28 சதவீதத்துல ஒருத்தரை கேமரா முன்னாடி உக்கார வச்சிருந்தா எவ்வளவு உருக்கமான வீடியோ கிடைச்சிருக்கும்னு யோசிச்சு பாருங்க, அவரு ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்க மாட்டாரு.

நம்ம நாட்டுலயும் ஒழுங்கா பாத்திருக்காங்க. பக்கவாதம் வந்த 120 பேருக்கு எய்ம்ஸ் தலைமையில அஞ்சு ஆஸ்பத்திரியில பாதி பேருக்கு அவங்க மஜ்ஜை செல்லையே ஏத்தி பாத்தாங்க, 2014ல முடிவு வந்துச்சு, ஆபத்து தெரியல, பலனும் தெரியல, ஆறு மாசத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. இத்தனைக்கும் அன்னைக்கு ஊசி போட்டுக்கிட்டவங்கள்லயும் பல பேரு முன்னேறத்தான் செஞ்சாங்க, ஊசி போடாதவங்களும் அதே அளவு முன்னேறுனாங்க, அவ்வளவுதான் விஷயம். ஆட்டிசத்துக்கு அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகம் 180 குழந்தைகளை வச்சு தொப்புள்கொடி ரத்தம் குடுத்து பாத்தது, 2020ல வந்த முடிவுல முக்கியமா பாத்த பழகும் திறன்ல வித்தியாசம் இல்ல.

அனுபவம்னு நம்ம காதுக்கு வர்றதே ஒரு வடிகட்டி தாண்டித்தான் வருது. தேவலையானவங்க பேசுவாங்க. ஒண்ணும் ஆகாதவங்க, வயலை ஒத்திக்கு வச்சவங்க, மருமக நகையை பேங்க்ல வச்சவங்க பேச மாட்டாங்க, பேசுனா "ஏமாந்துட்டியே"ன்னு ஊர்ல ஒரு சொல்லு வரும், அதை விட "அவனுக்காக எல்லாம் செஞ்சு பாத்துட்டோம்"னு சொல்லிக்கிறது மேல். இதுல ஒரு தப்பும் இல்ல, தன் பிள்ளைக்கு செய்யாம விட்டுட்டோமோங்கிற நெருடல் எந்த ஸ்கேன்லயும் தெரியாத வலி. கிளினிக்குக்கும் இது நல்லா தெரியும், அதனாலதான் மருந்தை பத்தி பேசுறதை விட "வாய்ப்பை தவற விடாதீங்க"ன்னு அதிகமா பேசுவாங்க. ஒரு தடவை போட்டு ஒண்ணும் தெரியலன்னா "இன்னும் ரெண்டு சிட்டிங் வேணும்"னு சொல்லுவாங்க, அது எப்ப தோத்துச்சுன்னே சொல்ல முடியாத சிகிச்சை.

"என் உடம்பு செல்லுதானே, பலன் இல்லன்னாலும் கெடுதல் என்ன"ன்னு கேப்பாங்க. மஜ்ஜை செல்லுக்கு பெரும்பாலும் தலைவலி, காய்ச்சல், ஊசி போட்ட இடத்துல வலி, அரிதா தொத்துன்னு போயிரும், அதை பெருசாக்கி பயமுறுத்த வேண்டியதில்ல. ஆனா எல்லா செல்லும் மஜ்ஜை செல்லு இல்ல. இஸ்ரேல்ல இருந்து ஒரு பையனை மாஸ்கோவுக்கு கூட்டிட்டு போயி கருவோட நரம்பு செல்லை மூளைக்குள்ளயும் தண்டுவட நீர்லயும் போட்டாங்க, முதல் ஊசி போட்டு நாலு வருஷம் கழிச்சு மூளையிலயும் தண்டுவடத்துலயும் கட்டி, சோதிச்சா அது பையனோட செல்லே இல்ல, குடுத்தவங்களோட செல்லு, இது 2009ல மருத்துவ இதழ்ல வந்துச்சு. போர்ச்சுகல்ல ஒரு பொண்ணுக்கு அவங்க மூக்குக்குள்ள இருந்தே திசு எடுத்து தண்டுவடத்துல வச்சாங்க, எட்டு வருஷம் கழிச்சு முதுகு வலின்னு பாத்தா அங்க கட்டி, உள்ள மூக்குச்சளி மாதிரி சுரந்துட்டு இருந்துச்சு. அவங்க உடம்பு செல்லுதான், கெடுதல் வந்துச்சு. பக்கவாதம் வந்த ஒரு அமெரிக்கர் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோன்னு மூணு நாட்டுல போட்டுக்கிட்டாரு, தண்டுவடத்துல வேற ஆளோட செல்லு கட்டியா வளந்து இன்னும் செயலிழந்தாருன்னு 2016ல வந்துச்சு. நாலு வருஷம், எட்டு வருஷம் கழிச்சு வர்றதை ஊசி போட்ட மறுமாசம் எடுத்த வீடியோ எப்படி சொல்லும்?

இவ்வளவு சொன்னதால துறையே ஏமாத்துன்னு எடுத்துக்கிட வேண்டாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ல கீமோ குடுத்து நோய் எதிர்ப்பு மண்டலத்தை கிட்டத்தட்ட அழிச்சுட்டு சொந்த ஸ்டெம் செல்லால திரும்ப கட்டுறாங்க, 2019ல வந்த சோதனையில 110 பேரை பிரிச்சு பாத்தப்ப, செல்லு மாற்று பண்ணவங்கள்ல 3 பேருக்கும் மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 34 பேருக்கும் நோய் முத்துச்சு, இது சின்ன வித்தியாசம் இல்ல. ஆனா அது நரம்பை புதுசா முளைக்க வைக்கிற வைத்தியம் இல்ல, ஆஸ்பத்திரியில தனி அறையில கிடந்து தாங்க வேண்டிய கடுமையான சிகிச்சை, எல்லா வகை எம்எஸ்ஸுக்கும் ஒத்து வராது. பார்க்கின்சனுக்கு ஜப்பான்ல கியோட்டோவுல ஐபிஎஸ் செல்லுல இருந்து, அதாவது சாதாரண உடம்பு செல்லை லேப்ல மூல செல்லா மாத்துனதுல இருந்து, டோபமின் செல்லு வளத்து 7 பேருக்கு வச்சாங்க, அமெரிக்கா, கனடாவுல 12 பேருக்கு வேற வகை, ரெண்டோட முடிவும் 2025ல ஒண்ணா வந்துச்சு, பெரிய ஆபத்து இல்ல, சில பேருக்கு முன்னேற்றம். தண்டுவட அடிக்கு ஜப்பானோட கெயோ பல்கலைக்கழகம் 4 பேருக்கு பண்ணதுல 2 பேருக்கு முன்னேற்றம்னு சொல்லிருக்கு. அமெரிக்காவோட மாயோ கிளினிக் தண்டுவட அடிபட்ட 10 பேருக்கு கொழுப்பு செல்லை குடுத்ததுல 7 பேரு அடியை அளக்குற அளவுகோல்ல ஒரு படியாவது ஏறுனாங்க, ஆனா ஒப்பிட போலி ஊசி குரூப் அதுல கிடையாது, முன்னாடி சொன்ன 28 சதவீதத்தை ஞாபகம் வச்சுக்கிட்டு படிக்கணும். இந்த செல்லுங்கள்ல ஒண்ணும் நம்ம ஊரு கிளினிக்ல மஜ்ஜையில இருந்து அன்னைக்கே எடுத்து அன்னைக்கே போடுறது இல்ல, ஆனா கிளினிக் ரிசப்ஷன்ல தொங்குற போர்டுல ஜப்பான் செய்திதான் ஒட்டியிருக்கும்.

லட்சங்கள் போறதோட நிக்காது, அந்த காசுல ஆகாம போனது என்னன்னும் பாக்கணும். தண்டுவட அடிபட்டவங்களை வீட்டுக்கு வந்த பிறகு கொல்றதுல முக்கியமானது படுக்கைப் புண்ணும் மூத்திரத் தொத்தும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டி விடணும், தினமும் சின்ன கண்ணாடியை வச்சு வால் எலும்பு, குதிகால் செவந்திருக்கான்னு பாக்கணும், நிரந்தரமா டியூப் போட்டு வைக்காம நேரத்துக்கு நேரம் சுத்தமா கத்தீட்டர் விட்டு எடுக்க கத்துக்கணும். அந்த அண்ணாச்சி வீட்டுல ஊசிக்கு காசு இருந்துச்சு, தண்ணி பெட்டு வாங்க யோசிச்சாங்க. கேரளா ஆஸ்பத்திரியில பைஸ்டாண்டரா, அதாவது கூட இருந்து பாத்துக்கிற ஆளா, நின்ன மதினிக்கு புரட்டுறதை நர்ஸ் காட்டித்தான் குடுத்தாங்க, ஆனா டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவசரத்துல மலையாளத்துல சொன்னது எவ்வளவு மண்டையில நிக்கும்.

இத்தனைக்கும் தென்காசி பக்கத்துலயே ஆய்க்குடியில அமர் சேவா சங்கம்ங்கிற மாற்றுத்திறனாளி மறுவாழ்வு அமைப்பு இருக்கு. 1975ல கடற்படை அதிகாரி தேர்வுல விழுந்து கழுத்துக்கு கீழ செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981ல ஆரம்பிச்சது, 2020ல அவருக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவரு நடக்கல, ஒரு ஊரளவு வேலையை நடத்துறாரு. வேலூர் சிஎம்சியோட மறுவாழ்வு மையம் 1966ல இருந்து தண்டுவட அடிக்கு பேர் போனது. மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ வீட்டுக்கே வருவாங்க, நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுக்கணும். கூடவே மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துல மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டு வைங்க, அதுக்கு யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேணும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் போகணும்னு வீட்டுல முடிவு பண்ணிட்டா, திட்டி பிரயோஜனம் இல்ல, ஆனா கிளினிக்குக்கு போன் போட்டு "இது ஆராய்ச்சியா சிகிச்சையா"ன்னு முதல் கேள்வியா கேளுங்க. ஆராய்ச்சின்னு சொன்னா மருத்துவ சோதனைகளோட தேசிய பதிவேடான சிடிஆர்ஐயில வாங்குன பதிவு நம்பர் குடுக்கணும், 2009ல இருந்து மருந்து சோதனை எல்லாம் ஐசிஎம்ஆரோட அந்த பதிவேட்டுல கட்டாயம் ஏறணும், யாரு வேணும்னாலும் ஆன்லைன்ல நோய் பேரை போட்டு தேடி பாக்கலாம், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை பேரு, போலி ஊசி குரூப் உண்டா எல்லாம் அதுல இருக்கும். ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு பேஷண்ட்கிட்ட காசு வாங்கக்கூடாது, சோதனையால பாதிப்பு வந்தா வைத்தியமும் நஷ்டஈடும் அவங்க பொறுப்பு. சிகிச்சைன்னு சொன்னா, எந்த அனுமதியிலன்னு எழுதி தரச் சொல்லுங்க. நம்பரும் இல்ல, எழுத்தும் இல்ல, அட்வான்ஸ் மட்டும் நாளைக்குள்ள கட்டணும்னா ஃபைலை எடுத்துட்டு பழைய நியூரோ டாக்டர்கிட்டயே போயி ஒரு தடவை காட்டிருங்க, ஓபி டோக்கனுக்கு ஆகுற செலவுதான்.